சந்தனம் வைத்த மான்கொம்பு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து, திங்கட்கிழமை காலை லேபின் கண்ணாடி அலமாரியைத் திறந்தவுடன் நான் போட்ட கூச்சலில், கீழே டூவீலர் வாட்டர் வாஷ் நடத்துகிறவர்கள் மோட்டாரையே நிறுத்திவிட்டார்கள். மாடியில் பாம்பு வந்துவிட்டது என்று நினைத்தார்களாம். பாம்பாக இருந்திருந்தால் நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். பாம்பு தானாக வரும், தானாகப் போகும்.

அலமாரிக்குள் பஞ்சு மெத்தைமேல் எங்கள் மான்கொம்பு படுத்திருந்தது. அதன் நடு உடம்பில் பட்டையாகச் சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம். தலைமாட்டில் ஒரு மஞ்சள் சாமந்தி. பொரியும் சுண்டலும்தான் பாக்கி.

இந்தக் கொம்பு யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படப்பைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரியைத் தூர்வாரும்போது, நல்ல ஆழத்தில், கரிய களிமண்ணுக்குள் கிடைத்தது. கடமானின் கொம்பு. ஒரு சாண் நீளம். ஒரு முனையைத் தேய்த்துத் தேய்த்து மழுங்கலான கூராக்கியிருக்கிறார்கள். மறுமுனையில் கயிறு கோக்க ஓர் ஓட்டை. நடுவில், பிடித்துப் பிடித்து ஏறிய வழவழப்பு. மேலே அங்கங்கே வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவம், எங்கள் தாம்பரத்து போர் தண்ணீர் பாத்ரூம் குழாயில் ஏற்றுமே, அதே மாதிரி. இரும்பு வருவதற்கு வெகுகாலம் முன்னால் வாழ்ந்த ஒருவர் செய்த கருவி இது என்பது எங்கள் கட்சி. கட்சி இருந்தால் போதுமா? வயதை நிரூபிக்க வேண்டும்.

அதற்குத்தான் எங்கள் லேப். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், வாட்டர் வாஷுக்கு மேலே மூன்று அறைகள். மான் உயிரோடு மேய்கிறவரை சாப்பாட்டோடு ஒருவகைக் கார்பன் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். கொம்பு உதிர்ந்துவிட்டால் வரவு நின்றுவிடும், இருப்பு மெல்லக் கரையும். எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். அந்தக் கார்பனைக் கொம்புக்குள் இருக்கும் கொலாஜன் என்கிற பசைச் சத்திலிருந்து எடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலும் மழையும் அந்தச் சத்தை விட்டுவைத்தால்தானே! நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கரைத்த எலும்பெல்லாம் வெறும் சுண்ணாம்பாகக் கரைந்து, கண்ணாடிக் குடுவையில் என்னைப் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம்.

இப்போது அதன்மேல் புத்தம்புதுச் சந்தனம். போன வருடம் உயிரோடு நின்ற மரம். முதியோர் இல்லத்தில் சராசரி வயது கணக்கெடுக்கும்போது உள்ளே நாலு கைக்குழந்தைகளைத் தவழ விட்டால் என்ன ஆகும்? தாத்தாக்கள் எல்லாரும் ஒரே நாளில் இளைஞர்கள் ஆகிவிடுவார்கள். எங்கள் கொம்புக்கும் அந்தக் கதிதான்.

வேறு நாளாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன். அன்றைக்கு அழவும் நேரமில்லை. கொம்பிலிருந்து ஒரு துண்டு வெட்ட எங்களுக்கு ஒரே ஒரு முறைதான் அனுமதி, அது அன்றைக்குத்தான். வெட்டுவதைப் பார்க்க ஏகநாதன் வந்துகொண்டிருந்தார்.

ஏகநாதன் தொல்லியல் பேராசிரியர். மேடவாக்கத்தில் வீடு. அவருக்கு முன்னால் அவருடைய மீசை வரும். இரண்டு பக்கமும் முறுக்கி, எலுமிச்சம்பழம் நிறுத்தலாம் போன்ற மீசை. கோடையில் நடந்த ஒரு கருத்தரங்கில் எங்கள் கொம்பின் படத்தைப் பார்த்தவுடன் எழுந்து நின்றார். "இது பனை ஏறுறவங்க பதநீர் எறக்கப் பாளையைத் தட்டற கொம்புங்க. ஓட்டை எதுக்கு? இடுப்புல கட்டித் தொங்கவிட. மிஞ்சிப் போனா நூறு, நூத்தம்பது வருஷம்" என்றார். அரங்கம் சிரித்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா பட்டு தினம் காபியோடு சேர்த்துச் சொல்வாள். மைக்கைப் பிடுங்கினேன். "அஞ்சாயிரம் வருஷத்துக்குக் கொறஞ்சு வந்தா நான் எலும்பைத் தொடறதையே விட்டுடறேன் சார். நாவலூர்ல போய் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பண்றேன்!"

"கூட வந்தா நான் பாதி மீசைய எடுத்துக்கறேன்" என்றார் அவர்.

"ஏன் பாதி?"

"முழுசா எடுத்தா ஸ்டைலுன்னு சொல்லிருவாங்க."

அரங்கம் மறுபடி சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நாவலூர் வேலை வெறும் பேச்சில்லை. அத்தை பையன் உமேஷ் அங்கே ஒரு கம்பெனியில் எனக்காக இடம் பிடித்து வைத்துக்கொண்டு, வாரம் தவறாமல் போன் செய்கிறான். ஏசி பஸ் உண்டு, மத்தியானம் பிரியாணி உண்டு, அமில வாசனை கிடையாது. எனக்கோ இந்த அமில வாசனைதான் உயிர். யாரோ ஒருவர் பிடித்து வேலை செய்த இடத்தில் நம் விரல் அப்படியே பொருந்துகிறபோது அடிவயிற்றில் ஒரு குறுகுறுப்பு வரும். ராட்டினம் மேலே போய் ஒரு நொடி நிற்குமே, அந்தக் குறுகுறுப்பு. அதை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

"அம்மணி அக்கா!" என்று இன்னொரு கூச்சல் போட்டேன். அம்மணி எங்கள் லேப் உதவியாளர். மண்ணிவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள்.

"இன்னாம்மா, காலங்காத்தால கூவுற? படி ஏறிகினுதான கீறேன்."

"இது என்ன அக்கா?"

எட்டிப் பார்த்தாள். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அய்ய, சோக்கா கீதே! யாரு பண்ணது?"

"நீங்கதானே பூஜை பண்ணீங்க?"

"தோ பாரும்மா. தொடப்பத்துக்கு வெச்சேன். பக்கெட்டுக்கு வெச்சேன். அந்த மெஷினு ராவும் பகலும் உறுமிகினு கீதே, அதுக்கு வெளிப்பக்கமா ஒரு பொட்டு வெச்சேன், சாரே வெக்கச் சொன்னாரு. இந்த பீரோ சாவி என்கைலயா கீது? நான் தலைல பூ வெச்சிகினு இந்த ரூமாண்ட வந்தாலே சாரு பேஜார் பண்ணுவாரு. என்னிய சொல்றியே, நல்லா கீதும்மா உன் நாயம்!"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சாவி இருப்பது என்னிடம் ஒன்று, தட்சிணாமூர்த்தி சாரிடம் ஒன்று. சாரைச் சந்தேகப்படுவதா? லேபின் தலைவர் அவர். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது, பவுடர் கூடாது, கைக்கு க்ரீம் கூடாது, இட்லிப் பொடி டப்பாவை இந்த மாடியில் திறக்கவே கூடாது என்று சட்டம் போட்டவர். ஒரு வெள்ளிக்கிழமை என் தலைமுடியில் சாம்பிராணி வாசனை அடிக்கிறது என்று திருப்பி அனுப்பி, குளித்துவிட்டு வரச் சொன்னவர்.

அந்த மனிதர் டிபன் பையோடு உள்ளே வந்தார். அலமாரி திறந்திருப்பதைப் பார்த்தார். கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

"ரோஹிணி... பாத்துட்டியா?"

"யார் சார் இத பண்ணது?"

கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி கட்டியிருந்தால் நுனியால் துடைத்திருப்பார்; பேன்ட் ஆனதால் டிபன் பையால் துடைத்தார். "நல்ல சந்தனம்மா. கடைப் பவுடர் இல்ல. நானே கல்லுல இழைச்சது."

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது! அம்மணி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"எல்லாரும் போனப்புறம் பூட்ட வந்தேன்" என்றார் சார், குற்றவாளிக் குரலில். "தொடப்பத்துக்குப் பொட்டு இருக்கு. பக்கெட்டுக்கு இருக்கு. ஜெராக்ஸ் மெஷினுக்கு மாலையே போட்டிருக்கு. இந்த லேப்லயே நெஜமான ஆயுதம் இது ஒண்ணுதான். இதுக்கு மட்டும் ஒண்ணுமில்ல. மனசு கேக்கலம்மா. அதோட நீ வேற சபதம் போட்டுட்டு வந்து நிக்கற. ஏதோ ஒரு வேண்டுதல் மாதிரி வெச்சுட்டேன்."

திட்ட வாய் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. எனக்காக வைத்தாராம்! என் வேலைக்கு உலை வைக்கிற சந்தனத்தை, என் வேலை நிலைக்க வேண்டும் என்று இழைத்திருக்கிறார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் பாதி பயம்.

போன் அடித்தது. ஏகநாதன். "மேடம், கேம்ப் ரோடு தாண்டிட்டேன். வெட்டறதுக்கு ரெடியா இருங்க."

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்குக்கு வர வேண்டும். நான் தாம்பரம் டிராஃபிக்கைப் பெருமாளைக் கும்பிடுவதுபோல் கும்பிட்டேன். காய்ச்சி வடித்த தண்ணீர், ஓவியம் தீட்டும் மெல்லிய பிரஷ், பஞ்சு எல்லாம் பறந்து வந்தன. சந்தனம் சமர்த்தாகக் கரைந்து வந்தது. குங்குமமும் வந்தது. ஆனால் நடு உடம்பில் இருந்த நுண்ணிய கீறல்களுக்குள் சிவப்பு போகவில்லை. தேய்த்தேன். போகவில்லை. தண்ணீர் மாற்றித் தேய்த்தேன். இருந்த இடத்திலேயே இருந்தது, வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்போல.

"சார், சிவப்பு போகல!"

"போகணுமேம்மா. எங்க வீட்டு மாமி தன் கையால மஞ்சள்ல பண்ண குங்குமம். டை கெடையாது."

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக முதலில் மீசை தெரிந்தது. சார் படபடவென்று இறங்கி ஓடினார். "வாங்க வாங்க ஏகநாதன்! இந்தக் கடைல மெதுவடை பிரமாதமா இருக்கும்!" என்று அவர் கையைப் பிடித்து எதிர்ச்சாரிக்கு இழுத்துப்போவது தெரிந்தது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட கையோடு யாரும் மாடி ஏறக்கூடாது என்பது அவருடைய சட்டம்தான். அம்மணி ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீரை எடுத்துப் போய் மாடிப்படியில் கொட்டி, பாட்டு முனகிக்கொண்டு துடைக்க ஆரம்பித்தாள். நான் கொம்பை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, அந்தப் பாழாய்ப்போன சிவப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்தேன்.

பார்த்தேன். கண்ணை எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

அங்கே இருந்தது ஒரு சிவப்பில்லை, இரண்டு. ஒன்று பளிச்சென்று, சுண்ணாம்புப் படிவத்தின்மேல் பொடியாக உட்கார்ந்திருந்தது. அது மாமியின் குங்குமம். இன்னொன்று மங்கலாக, செங்கல் நிறத்தில், படிவத்துக்கு அடியில் போயிருந்தது. கோயில் மதிலுக்கு வெள்ளையடித்தபின் பழைய காவிப்பட்டை அடியிலிருந்து தெரியுமே, அப்படி. படிவம் உடைந்த விளிம்பில் தெளிவாகத் தெரிந்தது: முதலில் கொம்பு, அதன்மேல் சிவப்பு, அதற்கும் மேல்தான் சுண்ணாம்பு.

ஊசிமுனையால் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துணுக்கை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும்; ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்த எவளுக்கும் இது தெரியும். அதில் புளிப்பு விழுந்தால் பழையபடி மஞ்சளாகிவிடும். ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டேன். மாமியின் குங்குமம் வெட்கப்பட்டு மஞ்சளானது. மற்றது அசையவில்லை. செங்கல் நிறத்திலேயே நின்றது. அது காவிக்கல்லைப் பொடித்த நிறம். ஏரிக்கு அடியில் புதைவதற்கு முன்னாலேயே யாரோ இந்தக் கொம்புக்குச் சிவப்பு வைத்திருக்கிறார்கள்!

அன்று வாட்டர் வாஷ் மோட்டார் இரண்டாவது தடவை நின்றது.

அம்மணி ஈரக் காலோடு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால், வழுக்கிவிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏகநாதன். அவருக்குப் பின்னால், கையில் பாதி வடையோடு தட்சிணாமூர்த்தி சார்.

ஏகநாதன் மூக்கை உறிஞ்சினார். "என்ன, சந்தன வாசம் வருது?" மேசைமேல் சாமந்தி கிடந்தது. தட்டில் குங்குமம் கரைந்த தண்ணீர் இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாளை தட்டற கொம்புக்கு ஆயுத பூஜையா! தட்சிணாமூர்த்தி சார், நீங்க ஆராய்ச்சி பண்றீங்களா, அர்ச்சனை பண்றீங்களா?"

"பாத்துட்டுச் சிரிங்க சார்" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க தாத்தா பனையேறி" என்றார். "திருச்செந்தூர்ப் பக்கம். அவர் பாளை தட்டின கொம்பு இன்னும் எங்க வீட்டு சாமி அலமாரியில இருக்கு. வருஷா வருஷம் அதுக்குச் செவப்பு வெப்பாங்க. உங்க படத்தைப் பாத்ததும் எனக்கு எங்க வீட்டு அலமாரிதான் கண்ணுல வந்துச்சு. நான் ஒண்ணும் வெளையாட்டுக்குச் சொல்லல, மேடம்."

இத்தனை மாதம் அந்த மீசையை மனசுக்குள் எத்தனை தடவை சிரைத்திருப்பேன்! இவர் கேலி செய்யவில்லை, தனக்குத் தெரிந்த முகத்தை அடையாளம் கண்டிருக்கிறார்.

"ஆனா ஒண்ணு" என்று எழுந்தார். "செவப்பு இருக்கறதால பழசுன்னு ஆயிராது. எங்க தாத்தாகூட காவி பூசினவருதான். ஏரித் தண்ணியில சுண்ணாம்பு ஏற ரொம்ப காலம் வேண்டாம். வயசு வரட்டும். பேச்சு பேச்சுதான்."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு மறுபடி கோபம் வந்தது.

ஓட்டைக்கு அடிப்பக்கம், சந்தனம் எட்டியே பார்க்காத இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு வெட்டினேன். வெளித்தோலைச் சுரண்டி எறிந்தேன். குளிரான நீர்த்த அமிலத்தில் போட்டு மூடினேன். அதற்குப்பின் ஒவ்வொரு காலையும் தாம்பரம் சானடோரியத்திலிருந்து லேப் வரை என் ஸ்கூட்டி ரோட்டில் போனதாக எனக்கு நினைவில்லை. பறந்துதான் போனது. குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். வழக்கமாக இந்த நேரத்துக்கு எல்லாம் கரைந்து தண்ணீராகியிருக்கும். இது கரையவில்லை. வெந்த ஜவ்வரிசிபோல, கண்ணாடியாக, மெத்தென்று, துண்டு துண்டாகவே மிதந்தது. சுண்ணாம்பு போய்விட்டது, சத்து மட்டும் நின்றது.

அதை வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, அம்மணி பொட்டு வைத்த அந்த உறுமும் மெஷினில் உறையவைத்து உலர்த்தினோம். மூடியைத் திறந்த அன்று மூன்று பேரும் மூச்சுவிடாமல் குனிந்தோம். குப்பியின் அடியில் வெள்ளை வெளேரென்று, ஊதினால் பறக்கிற மாதிரி ஒரு நுரை.

"இன்னாம்மா இது, வெள்ளை பஞ்சு மிட்டாயி?" என்றாள் அம்மணி.

"கொலாஜன் அக்கா! கொலாஜன்!" அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றினேன். "ஏம்மா, ஏம்மா, தல சுத்துது, வுடும்மா" என்று கத்திக்கொண்டே அவளும் சுற்றினாள். "எடை போடற மெஷின் பக்கத்துல ஆடக்கூடாது!" என்றார் சார். சொன்னவர் பக்கத்து அறைக்குப் போனார். அங்கே அவர் தனியாகக் குதிக்கிற சத்தம் கேட்டது. கீழே வாட்டர் வாஷ்காரர்கள் இப்போதெல்லாம் மோட்டாரை நிறுத்துவதில்லை, பழகிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே ஏகநாதனுக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

"நெறைய வந்திருக்கா?" என்றார்.

"ஏகப்பட்டது சார்!"

"அப்ப புதுசுதான் மேடம். ஆயிரக்கணக்கா வருஷம் ஆனதுல ஏது இவ்ளோ சத்து? நாவலூருக்கு ஸ்கூட்டில போவீங்களா, கம்பெனி பஸ்ஸா?"

ராட்டினம் தொபுக்கடீரென்று கீழே வந்தது. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. காற்றுப் புகாத களிமண் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளை நுரையை வயது பார்க்கும் பெரிய மெஷின் இருக்கிற வடக்கே அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். மார்கழி போய், தை பிறந்தது. உமேஷ் போன் செய்து, "அக்கா, ஐடி கார்டுக்கு ஒரு போட்டோ அனுப்பு" என்றான். அனுப்பவில்லை. ஆனால் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை அம்மா என்னைத் திருநீர்மலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரங்கநாதருக்கு ஏதோ பிரார்த்தனை. என்ன என்று சொல்லவில்லை.

"எலும்பத் தொட்ட கையோட பெருமாளைச் சேவிக்க வராதேன்னு சொல்லிண்டே இருக்கேன். குளிச்சியோன்னோ?"

"ரெண்டு தடவை குளிச்சேம்மா."

மலைப்படியில் பாதி ஏறியிருப்போம். போன் அடித்தது. வடக்கிலிருந்து. அந்தப் பக்கம் பேசியவர் முதலில் தட்பவெப்பம் விசாரித்தார். சென்னையில் குளிரா என்றார். எனக்கு அவரைக் கடித்துவிடலாம்போல் இருந்தது. பிறகு எண்ணைச் சொன்னார். நான் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். இன்னொரு தடவை கேட்டேன். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது, பாட்டுப் பாடுவதுபோல் நீட்டி நிறுத்திச் சொன்னார்.

ஒன்பதாயிரத்துச் சொச்சம் வருடம்.

அப்படியே படியில் உட்கார்ந்தேன். அம்மா பதறினாள். "என்னடி? மயக்கமா? சாப்பிடாம வந்தியா?"

"ஒன்பதாயிரம் வருஷம்மா!"

"எது?"

"கொம்பு!"

அம்மா ஒரு நிமிடம் படியில் நின்று, மேலே கோபுரத்தைப் பார்த்தாள். "எலும்பைத் தொடற உங்கிட்டயும் இந்தப் பெருமாள் பொறுமையா இருந்திருக்கார் பாரு. உன்னை நாவலூர் அனுப்பிடாதேன்னுதான் வேண்டிண்டேன். அங்கேர்ந்து வீட்டுக்கு வந்து சேர ராத்திரி ஆயிடுமாமே" என்றாள். எலும்பைத் தொட்ட என் கையைத் தானே பிடித்துத் தூக்கினாள். மீதிப் படிகளை நான் ஓடித்தான் ஏறினேன். நடுவில் துளசிமாலை விற்ற அம்மாளைக் கட்டிக்கொண்டேன். அவள் பயந்துபோய் ஒரு மாலையை இனாமாகக் கொடுத்தாள். நின்ற இடத்திலேயே உமேஷுக்கு, "போட்டோ கிடையாது, போடா" என்று அனுப்பினேன்.

திங்கட்கிழமை ஏகநாதன் லேபுக்கு வந்தார். முகத்தில் மாஸ்க். கையில் துணிப்பை. நாங்கள் மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்றோம். அவர் நிதானமாக மாஸ்க்கைக் கழற்றினார். இடது பக்கம் முறுக்கிய மீசை, வலது பக்கம் வெறும் மேலுதடு.

"அய்யய்யோ, இன்னா சார் இது!" என்றாள் அம்மணி. "பாதி கட்டி வுட்ட வூடாட்டம் கீது!"

"சார், ப்ளீஸ், மீதியையும் எடுத்துடுங்க" என்றேன். எனக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. "பாக்கவே என்னமோ பண்றது."

"ஒரு வாரம் இருக்கட்டும். க்ளாஸுக்கும் இப்படியேதான் போகப்போறேன். பேச்சுன்னா பேச்சு." அவரும் சிரித்தார். சிரித்தபோது ஒரு பக்கம் மட்டும் மேலே போனது.

பிறகு பையிலிருந்து மஞ்சள் துணி சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். அவருடைய தாத்தாவின் கொம்பு. "இதுக்கு வயசு பாக்க வேண்டாம், எனக்கே தெரியும். சும்மா பக்கத்துல வெச்சுப் பாக்கணும்னு ஒரு ஆசை."

இரண்டையும் மேசையில் பக்கம்பக்கமாக வைத்தோம். ஒரே சாண் நீளம். அதே மழுங்கல் கூர். ஓட்டை அதே முனையில். கை பிடித்த வழவழப்புகூட இரண்டிலும் ஒரே இடத்தில். தாத்தாவுடையது ஊறுகாய் ஜாடிபோல் பழுப்பு, எங்களுடையது கறுப்பு, அதுதான் வித்தியாசம்.

"நீங்க சொன்னது ஒண்ணும் தப்பில்ல சார்" என்றேன். "வருஷத்துலதான் கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிடுத்து."

அவர் தாத்தாவின் கொம்பைத் தடவிக்கொடுத்தார். "அம்மா போனதுக்கப்புறம் இதுக்கு யாரும் பொட்டு வெக்கல" என்றார். சும்மா தகவலாகத்தான் சொன்னார். ஆனால் அவர் ஏன் அதைத் தாம்பரம்வரை தூக்கிக்கொண்டு வந்தார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"சார், உங்க சந்தனக் கல் எங்க?"

தட்சிணாமூர்த்தி சார் திடுக்கிட்டார். "லேபுக்குள்ளயா? ரோஹிணி, கன்டாமினேஷன்!" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். சத்தமில்லாமல் தன் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தார். கல், கட்டை, மாமியின் குங்குமச் சிமிழ், எல்லாம் சகல வசதியோடு அங்கே குடியிருந்தன. எங்கள் கொம்பை நான் இரண்டு கைகளால் எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். சார் சந்தனம் இழைத்தார். நான் தாத்தாவின் கொம்புக்கு நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். ஏகநாதன் பாதி மீசையோடு கைகூப்பி நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அம்மணி அலமாரிப் பக்கம் கையைக் காட்டினாள். "நம்ம ஆளுக்கு வெக்கலியாம்மா? பாவம், பாத்துகினு கீது."

"அதுக்கு ஏற்கெனவே வெச்சிருக்காங்க அக்கா" என்றேன்.